ஜன்னல் வர வேண்டிய இடத்தில் ஒரு தேமல்

டேப்பக்காவின் உண்மையான பெயர் அந்தத் தெருவில் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் அவள் டேப்பக்காதான். கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாளா என்று ஒரு பந்தயம்கூட நடந்தது. சாட்சி சொல்ல ஆள் கிடைக்காததால் பந்தயம் கலைந்துவிட்டது.

ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவாள். டேப்பை எடுப்பது சும்மா மரியாதைக்கு. "போன தடவைக்கு இப்ப ரெண்டு விரல் கூடியிருக்கே தம்பி, மாமியார் வீட்டுக்குப் போயிட்டு வந்தியா?" என்று கேட்பாள். வந்தவன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். "இழுக்காத, அப்புறம் சட்டை போட்டுக்கிட்டு மூச்சு விட முடியாது" என்பாள்.

வாய் இப்படி ஊரெல்லாம் சுற்றி வந்தாலும், ஆள் இருந்த இடம் ஓர் அறை. அந்த வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். இரண்டு பக்கத்துச் சுவர்களும் பக்கத்து வீடுகளுக்குப் பொது. இங்கே ஆணி அடித்தால் அங்கே படம் விழும். மேலே வேறொரு குடும்பம். முன்னறையில் தெருவைப் பார்த்து இரண்டு ஜன்னல்கள் உண்டு. வீட்டைப் பங்கு பிரித்தபோது அந்த முன்னறை டேப்பக்காவின் புருஷனுடைய அக்காவுக்குப் போயிற்று. அந்த அண்ணி இரண்டு ஜன்னல்களையும் சாத்தி, திரை போட்டு, உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெயில் பட்டால் மரச்சாமான் வெளுத்துவிடுமாம்.

பின்னறை தம்பிக்கும் தம்பி பெண்டாட்டியான டேப்பக்காவுக்கும். நான்கு சுவர், ஒரு கதவு, ஒரு டியூப்லைட். டேப்பக்காவின் தையல் மெஷின் பின்சுவரை ஒட்டி நின்றது. காலையில் டியூப்லைட்டைப் போட்டால் அவளுக்கு விடியும், அணைத்தால் இருட்டும். நடுவில் சூரியன் என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியாது. துணி வாங்க வருகிறவர்களிடம், "வெளிய இருட்டிடுச்சா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வாள்.

புருஷன் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறவர். பொழுதெல்லாம் இரும்புப் பெட்டிக்குள் ஏறி இறங்குவதுதான் வேலை. இவள் அறையைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால், "எனக்கும் ஜன்னல் இல்லதான். என் பெட்டியாவது நகருது. அதுக்கு என்னைப் பார்த்துப் பொறாமைப்படாத" என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டேப்பக்காவுக்கு நல்ல வரும்படி தந்தது ஜன்னல் திரைகள்தான். ஊரில் உள்ள ஜன்னல்களுக்கெல்லாம் அளவெடுத்து, மடிப்பு வைத்து, வளையம் கோத்துத் தந்தாள். அடுத்தவன் வீட்டு வெளிச்சத்தை மறைக்க இருட்டில் உட்கார்ந்து தைத்தாள்.

கண் மங்க ஆரம்பித்தது. அடர்ந்த நிறத்துணியில் போட்ட தையல் தெரியவில்லை. ஊசிக்கு நூல் கோப்பது ஒரு வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி பாதிதான் செய்யும். நீங்க பகல் வெளிச்சத்துல வேலை பார்க்கணும்" என்றார்.

"சீட்டுல எழுதிக் குடுங்க டாக்டர். மருந்துக் கடையில பகல் இருக்கான்னு கேட்டுப் பார்க்கறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "சீக்கிரம் பண்ணுங்க. அஞ்சாறு வருஷம் இப்படியே போனா, கைத்தையலை மறந்துட வேண்டியதுதான்" என்றார். அப்போது டேப்பக்காவும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். தையலை எடுத்துவிட்டால் அவளிடம் மிச்சம் இருப்பது டேப் மட்டும்தானே.

பகல் தூரத்தில் ஒன்றும் இல்லை. மெஷினுக்கு எதிரே இருந்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. பின்னால் ஒரு சந்து, ஒரு முனை அடைத்தது. அதற்குள் நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். நடுவில் திரும்பக்கூட முடியாது. எதிரே கிடங்கின் மொட்டைச் சுவர். ஆனால் அண்ணாந்து பார்த்தால் நாடா அகலத்துக்கு வானம் இருந்தது. அந்த நாடாவை உள்ளே கொண்டுவர ஒரு ஜன்னல் போதும். டேப்பக்கா நீலச் சாக்கை எடுத்து மெஷினுக்கு நேரே சுவரில் ஒரு சதுரம் போட்டாள். கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பினாள்.

கொத்தனார் ஒல்லியான ஆள். சந்துக்குள் போய் வேலை செய்ய அவரை விட்டால் ஆள் இல்லை. பக்கவாட்டில் நுழைந்து, இடத்தைப் பார்த்து, சுத்தியலை ஓங்கினார். அப்போது சந்தின் வாயிலிருந்து ஒரு பெண் குரல், "ஐயோ, அடிக்காதீங்க! அடிக்காதீங்க!" என்று அலறியது.

யாரோ யாரையோ போட்டு அடிக்கிறார்கள் என்று நினைத்து அண்ணி முன்னறை ஜன்னலைத் திறந்தாள். பல வருஷங்களுக்குப் பிறகு அது திறந்தது அன்றைக்குத்தான்.

அலறியவள் தாவர ஆராய்ச்சிக்காரி. பழைய சுண்ணாம்புச் சுவர்களைத் தேடித் தேடிப் பார்ப்பது அவள் வேலை. டேப்பக்கா கழுத்தில் டேப் மாதிரி அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன லென்ஸ் தொங்கியது. அன்று சாயங்காலத்துக்குள் தெரு அவளுக்கு லென்சம்மா என்று பெயர் வைத்துவிட்டது.

சுவரில் அவள் காட்டியது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு திட்டு. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். டேப்பக்கா அதை முன்பே பார்த்திருக்கிறாள். சுவருக்குத் தேமல் வந்திருக்கிறது என்று நினைத்தாளே தவிர அதற்குமேல் யோசித்ததில்லை.

"இது லைக்கன்க்கா" என்றாள் லென்சம்மா. இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "பார்க்க ஒண்ணு, ஆனா உள்ள ரெண்டு பேரு. ஒண்ணு பூஞ்சை, இன்னொண்ணு பாசி. பூஞ்சை வீடு கட்டிக் குடுக்கும். பாசி வெளிச்சத்துல சமைச்சுப் போடும். பிரிச்சா இந்தத் தேமலே இல்ல."

"கல்யாணம்னு சொல்லுங்க."

"அப்படித்தான்."

"ரெண்டுல யாரு சமைக்கறதுன்னு சண்டை வராதா?"

"இதுவரைக்கும் வரல."

"அப்ப கல்யாணம் இல்ல மேடம், வேற ஏதோ" என்றாள் டேப்பக்கா.

இந்த வகை லைக்கனுக்குப் பழைய சுண்ணாம்புப் பூச்சும் வெயில் படாத வெளிச்சமும் வேண்டுமாம். லென்சம்மாவுக்குத் தெரிந்து இன்னும் மூன்று சுவர்களில் இருந்தது. ஒன்றுக்குச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். ஒன்றுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். மூன்றாவது தானாகவே விழுந்துவிட்டது. இப்போது இருப்பது இது ஒன்றுதான். வருஷம் முழுக்க வளர்ந்தாலும் ஒரு நூல் கனம் கூடாது. வளர்வதும் ஓரத்தில் மட்டும்தான். அப்படியென்றால் இந்தத் தட்டுக்கு வயது, இந்த வீட்டு வயது.

"எடுத்து வேற சுவத்துல ஒட்டிட முடியாதா?"

"துணுக்கு துணுக்கா எடுத்து ஒட்டிப் பார்த்தாச்சு. ஒண்ணும் பிழைக்கல."

லென்சம்மா லென்ஸைக் கழற்றிக் கொடுத்தாள். டேப்பக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள். தேமலைக் காணோம். அங்கே விரிந்திருந்தது ஒரு துணி. ஓரமெல்லாம் வளைவு வளைவாகச் சுருக்கம் வைத்து அடித்திருந்தது. நடுவில் செங்கல் நிறத்தில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். ஒவ்வொன்றுக்கும் வெளுத்த விளிம்பு, காஜா எடுத்த பொத்தான் துளை மாதிரி. ஒரு இடத்திலும் பிசிறு இல்லை.

"யாரு இதைத் தைச்சது?" என்றாள் மெதுவாக. கொத்தனார், "எனக்கு நேரமாகுதுக்கா" என்றார்.

அடுத்த வாரமே லென்சம்மாவின் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து பலகை மாட்டினார்கள். சுவரைத் தொடக் கூடாது. சந்தில் சோப்புத் தண்ணி ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கூடாது. புகை கூடாது. சிமெண்ட் கூடவே கூடாது. ஜன்னல் என்ற வார்த்தை பலகையில் இல்லை. இருந்தால்தானே கூடாது என்று எழுத?

அண்ணி பலகையை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு வந்தாள். "ஏண்டி, எங்கம்மா போனப்புறம் உனக்கு மாமியார் இல்லாத குறை இருந்துச்சு. இப்பத் தீர்ந்துச்சு. அதைத் தொடக் கூடாது, இதை ஊத்தக் கூடாது, புகை போடக் கூடாதுன்னு சொவத்துலேயே வந்து உக்காந்துட்டா பாரு."

"உங்கம்மாவாவது தூங்குவாங்க அண்ணி" என்றாள் டேப்பக்கா.

அன்றிலிருந்து வீட்டில் அதற்கு மாமியார் என்றே பெயர். லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்ததும், "மாமியார் சௌக்கியமா?" என்பார். "நமக்கு அப்புறமும் இருப்பாங்க" என்பாள் இவள்.

வருஷங்கள் போயின. லென்சம்மா அவ்வப்போது வந்து அளந்து, படம் எடுத்துக்கொண்டு போனாள். சந்தில் நண்டு நடை நடந்து அவளுடைய பேண்ட் முட்டியில் கிழியும். டேப்பக்கா அதை வாங்கித் தைத்துக் கொடுப்பாள். தைத்துக்கொண்டே திட்டுவாள். "இந்த மாமியாருக்கு வெளிச்சம் வேணும், வீட்டுக்காரிக்கு வேணாமா மேடம்? நானும் சுவத்துல ஒட்டிக்கிட்டிருந்தா என்னையும் காப்பாத்துவீங்களா?" லென்சம்மா அடுத்த ஊசிக்கு நூல் கோத்து நீட்டுவாள்.

கண் இன்னும் மங்கியது. ஊசி விரலில் ஏறியது. மூன்றாம் வீட்டுக்காரியின் பாவாடைக்கு ஜிப்பை உள்பக்கம் வெளியாக வைத்துத் தைத்துவிட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமல் அதையே போட்டுக்கொண்டு போனாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அன்று டேப்பக்கா ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்தாள். யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சந்துக்குள் பக்கவாட்டில் போனாள். தேமலுக்கு எதிரே நின்றாள். ஒரு வாளி ஊற்றினால் போதும். ஒரே வாரத்தில் மாமியார் வெளுத்து உதிர்ந்துவிடுவாள், ஏதோ நோய் என்று சொல்லிவிடலாம். வாளியைத் தூக்கினாள். அந்தச் சந்தில் கையை வீச இடம் இல்லை. இந்தப் பக்கம் தூக்கினால் முழங்கை கிடங்குச் சுவரில் இடித்தது. அந்தப் பக்கம் தூக்கினால் வாளி தன் மேலேயே சாய்ந்தது. சாய்த்து ஊற்றினால் காலில்தான் கொட்டும். கொஞ்ச நேரம் இப்படி மல்லுக்கட்டிவிட்டு, வாளியோடு பின்னாலேயே நகர்ந்து வெளியே வந்தாள். இடம் இல்லாததால் ஊற்றவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு குவளை எடுத்துப் போயிருந்தால் வேலை முடிந்திருக்கும். அது அவளுக்குத் தோன்றாமல் இல்லை.

ஒருநாள் லென்சம்மா ஓடிவந்தாள். முகம் பூரித்திருந்தது.

"அக்கா, துணுக்கா எடுத்தாத்தான் பிழைக்கல. சுவரோட எடுத்தா? பூச்சை மட்டும் உரிச்சா நொறுங்கிடும். செங்கல்லோட சேர்த்து ஒரே கட்டியா வெட்டி எடுத்து, எங்க ஆபீஸ் தோட்டத்துல இருக்கற பழைய சுண்ணாம்புச் சுவத்துல இதே மாதிரி பதிச்சுட்டா அது இருந்த இடத்துலயே இருக்கறதா நினைச்சுக்கும். ஆபீஸ்ல சம்மதம் வாங்கிட்டேன்."

டேப்பக்கா மெஷினை நிறுத்தினாள். "கட்டியா எடுத்தா, எடுத்த இடத்துல என்ன இருக்கும்?"

"ஓட்டை."

"ஓட்டைக்கு நாங்க வேற பேரு வச்சிருக்கோம் மேடம்" என்றாள். டேப்பை எடுத்து உதறிச் சுருட்டினாள்.

ஆபீஸர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சம்மதம் ஒரே ஒரு தடவைக்குத்தான். வெட்டும்போது லைக்கனுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். பிறகு அந்தச் சுவரை யாரும், எதற்கும், எப்போதும் தொடக் கூடாது.

வெட்டும் அளவை எடுக்கும் பொறுப்பு டேப்பக்காவுக்கு வந்தது. தேமலின் மேல் தாளை அழுத்தி வரைய முடியாது; பட்டாலே உதிரும். அளவெடுக்கக் கூச்சப்படும் வாடிக்கைக்காரிக்குத் தள்ளி நின்று கண்ணாலேயே அளவெடுப்பது போல எடுத்து, பழுப்புத் தாளில் போட்டாள். தேமலின் ஓரம் எதுவோ அதற்குப் புள்ளிக்கோடு. அதற்கு வெளியே நான்கு விரல் தள்ளி, சுற்றிலும் ஒரு கெட்டிக்கோடு. தையற்காரிக்குக் கை போகிற வழி அது. உள்கோடு தையலுக்கு, வெளிக்கோடு கத்தரிக்கு. துணியைத் தையல் கோட்டிலேயே வெட்டுகிற பைத்தியம் உலகத்தில் உண்டா? எனவே அதை அவள் யாருக்கும் வாய் திறந்து சொல்லவில்லை. அறையின் உள்சுவரிலும் அதே இரண்டு கோடுகளை இடவலம் மாற்றி நீலச் சாக்கால் போட்டுவைத்தாள். வாழ்நாளெல்லாம் துணியின் உள்பக்கத்தைப் பார்த்துத் தைத்தவளுக்கு அது ஒரு வேலையே இல்லை.

தேமல் மேல் தூசி படாமல் இருக்க, அதன் அளவுக்கே மெல்லிய துணியில் பஞ்சு வைத்து ஒரு சின்ன மெத்தையும் தைத்தாள். "மாமியாருக்கு மெத்தை தைச்ச மருமகளை இந்த ஊரு பார்த்திருக்கா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார். "வழியனுப்பறப்போ தைப்பாங்க" என்றாள்.

அந்த நாள் வந்தது. மெத்தையைக் கட்டி, தாளை மாட்டியாயிற்று. சந்துக்குள் ஓர் ஆளுக்குத்தான் இடம். அங்கே கொத்தனார். சந்தின் வாயில் லென்சம்மா. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கொத்தனாரின் தோள்பட்டை மட்டும். தெருவில் வண்டி. வண்டிக்குள் ஆபீஸர். முன்னறை ஜன்னலில் அண்ணி. டேப்பக்கா தன் அறையில், மெஷினைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுவரையே பார்த்து உட்கார்ந்தாள். டியூப்லைட்டை அணைத்துவிட்டாள். இனி எதற்கு அது?

உளிச் சத்தம் ஆரம்பித்தது. முதலில் ஒரு மூலையில் துளைத்து மறுபக்கம் பார்த்துக்கொண்டு, பிறகு அங்கிருந்து சுற்றி வெட்டிக்கொண்டு போவது கொத்தனாரின் பழக்கம். அறையின் இருட்டில் பூச்சு பொலபொலவென்று உதிர்வது மட்டும் கேட்டது. பிறகு உளியின் முனை உள்ளே எட்டிப் பார்த்தது. பின்னால் இழுத்துக்கொண்டது.

அது இருந்த இடத்தில் வெளிச்சம்.

வெயில் இல்லை. வெளுத்துக் காயப்போட்ட துணியின் நிறத்தில் ஒரு கோடு. மெஷின் மேல் வந்து விழுந்தது. நூல்கண்டின் மேல் பட்டது. டேப்பக்கா அந்த நூல்கண்டைப் பார்த்தாள். கறுப்பு என்று நினைத்துப் பல மாதமாகக் கறுப்புப் பேண்ட்டுகளையெல்லாம் எந்த நூலில் தைத்தாளோ, அது கருநீலம். புருஷனுடைய வேலைச் சட்டையில் இருந்து எதிர்வீட்டு வாத்தியாரின் கோட்டு வரைக்கும் கருநீலத்தில் தைத்திருக்கிறாள். யாரும் சொல்லவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கையை அந்த வெளிச்சத்துக்குள் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரேகைகூடத் தெரிந்தது.

கையிலிருந்து பார்வை சுவருக்குப் போனது. ஓட்டை கெட்டிக்கோட்டில் இருக்க வேண்டும். அது புள்ளிக்கோட்டில் இருந்தது.

கொத்தனார் உள்கோட்டில் வெட்டிக்கொண்டிருந்தார்.

உளி மறுபடி இறங்கியது. டேப்பக்கா கத்த வாயைத் திறந்தாள். சத்தம் போட்டால் ஆபீஸர் நிறுத்துவார். நிறுத்தினால் இந்தச் சுவர் எப்போதும் சுவர்தான். சத்தம் போடாவிட்டால், இன்னும் கொஞ்ச நேரத்தில் நான்கு பக்கமும் வெட்டுப்பட்டு ஜன்னல் வந்துவிடும். கட்டியை எடுத்து மெத்தையை விலக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். வளர்வது ஓரத்தில் மட்டும்தானே. ஓரம் போனால் எல்லாம் போச்சு. அதற்குள் ஜன்னலை யார் திரும்ப எடுத்துக்கொண்டு போக முடியும்? பழி கொத்தனார் மேல். அவள் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவள். அவளுக்கு என்ன தெரியும்?

உளி இன்னொரு தடவை இறங்கியது. ஓட்டை கொஞ்சம் பெரிதாயிற்று. வெளிச்சக் கோடு நாடாவாக அகலமாகி மெஷினிலிருந்து மடிக்கு இறங்கியது. இன்னொரு தடவை. அந்த வெளிச்சத்தில் தூசி மிதந்து வந்து அவள் புடவையில் உட்கார்ந்தது. ஊதிவிடக் குனிந்தாள். எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு. நடுவில் ஒரு துணுக்கு மட்டும் சாம்பல் பச்சை. அதில் ஒரே ஒரு கிண்ணம். விளிம்பு கெடாமல் முழுசாக.

அதை ஒரு கையில் மூடிக்கொண்டு நாற்காலி சாய எழுந்தாள். ஓட்டையில் வாயை வைத்து, "நிறுத்துங்க! கொத்தனாரே, நிறுத்துங்க!" என்று கத்தினாள். வாய் நிறையச் சுண்ணாம்பு.

சுத்தியல் நின்றது. ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. "என்னக்கா?"

"உள்கோட்டுல வெட்டறீங்களே!"

"பின்ன? ரெண்டு கோடு போட்டா உள்கோடுதான் ஓட்டை. வெளிக்கோடு ஜன்னல் சட்டம் உக்கார்ற இடம். காலங்காலமா அப்படித்தான்."

"யாரு சொன்னா? ரெண்டு கோடு போட்டா வெளிக்கோட்டுலதான் வெட்டணும்! உள்ள இருக்கறது தையலு!"

"சுவத்துல ஏதுக்கா தையலு?"

"உங்களை யாரு மெத்தையை ஒட்டி உளி போடச் சொன்னது?"

"தேமலு மட்டும்தானே வேணும்னீங்க. சுவரு எதுக்கு அவங்களுக்கு, சும்மா பாரம்னு நினைச்சேன்."

"என்ன ஆச்சு? அங்க என்ன ஆச்சு?" என்று சந்தின் வாயில் இருந்து லென்சம்மா பதறினாள். ஆனால் கொத்தனார் வெளியே வந்தால்தான் அவள் உள்ளே போக முடியும். அவர் உளி, சுத்தியல், வாளியோடு நண்டு நடையில் மெல்ல மெல்ல வெளியே வந்தார். அவள் பக்கவாட்டில் உள்ளே போனாள். அந்த நேரம் முழுக்க டேப்பக்கா ஓட்டைக்கு இந்தப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஓட்டையில் வேறொரு கண் வந்தது. லென்சம்மா மெத்தையின் ஓரத்தை விலக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"கீழ் மூலை போயிடுச்சு அக்கா. கட்டைவிரல் நகம் அளவுக்கு. மத்ததெல்லாம் இருக்கு."

"என் மடியில ஒரு துணுக்கு விழுந்துச்சு. தரவா?"

"தாங்க."

ஊசி டப்பா மூடியில் வைத்து ஓட்டை வழியாக நீட்டினாள். அந்தப் பக்கம் ஒரு விரல் அதை வாங்கிக்கொண்டது.

"நீங்க சத்தம் போடலன்னா ஓரம் பூரா போயிருக்கும். வெளிச்சம் வந்த உடனே பார்த்துட்டீங்களா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது.

"கத்தறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே பார்த்துட்டேன்" என்றாள் டேப்பக்கா. "கொஞ்ச நேரம் வெளிச்சத்தைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்."

ஓட்டையில் இருந்த கண் மூடித் திறந்தது. "நானா இருந்தா..." என்று ஆரம்பித்த லென்சம்மா அதை முடிக்கவில்லை. சந்துக்குள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. தூசியாகவும் இருக்கலாம்.

ஆபீஸர் வண்டியை விட்டு இறங்கினார். சொன்னபடியே சொன்னார். இனி யாரும், எதற்கும், எப்போதும். லென்சம்மா எவ்வளவோ பேசிப் பார்த்தாள். கொத்தனாரும் தன் பங்குக்கு, "வெளிக்கோட்டுலயே வெட்டித் தர்றேன் சார், ஒரு மணி நேர வேலை" என்று கெஞ்சினார். வண்டி வந்த மாதிரியே காலியாகத் திரும்பிப் போயிற்று.

அதற்கப்புறம் ஒரு கூத்தும் நடந்தது. லைக்கனைப் பார்த்துக்கொள்ள அருகிலேயே ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்று ஆபீஸில் முடிவு செய்து, டேப்பக்காவைக் காவலாளாகப் போட்டார்கள். உள்ளே இருக்கிற கைதியிடமே சாவியைக் கொடுத்து, பத்திரமாகப் பூட்டிக்கொள் என்ற மாதிரி. கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் தந்தார்கள். அவள் அதை டேப்போடு சேர்த்து மாட்டிக்கொண்டாள். பலகையில் உள்ளதை யாராவது மீறினால் சந்தின் வாயில் நின்று அவள்தான் சண்டை போட வேண்டும். போட்டாள். நன்றாகவே போட்டாள். கிடங்குக்காரன் சந்துப்பக்கச் சுவரில் புகைப்போக்கி வைக்க வந்தபோது அவள் கத்திய கத்தலில், அவன் அதைக் கூரைக்கு மாற்றிக்கொண்டான்.

"உன் மாமியாருக்காக இவ்வளவு கத்தறியே, எங்கம்மாவுக்கு ஒரு நாளாவது கத்தியிருப்பியா?" என்றாள் அண்ணி.

"உங்கம்மாவைப் பார்த்துக் கத்தியிருக்கேன் அண்ணி" என்றாள்.

ஓட்டை அப்படியே இருந்தது. சிமெண்ட் வைத்து அடைக்கக் கூடாது. சுண்ணாம்பு வைத்து அடைக்க ஆபீஸில் கேட்க வேண்டும். பெரிதாக்குவது பேச்சே இல்லை. ஒரு பெரிய பொத்தான் அளவுக்கு, சாக்கால் போட்ட புள்ளிக்கோட்டின் கீழ் மூலையில், உள்ளங்கையால் மூடிவிடலாம். லென்சம்மா அதன் வழியாகவே மாமியாரின் உடைந்த ஓரத்தைச் சில நேரம் பார்ப்பாள். ஓரம் ஆறியிருக்கிறதா, இல்லையா என்று இன்னும் சொல்ல முடியாதாம். சொல்ல வருஷக்கணக்காகும்.

டேப்பக்கா மெஷினைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள். முழுத்துணிக்கெல்லாம் அந்த வெளிச்சம் போதாது. ஊசி முனைக்கு, நூலின் நிறத்துக்கு, ஒரு தையல் நேராக விழுந்ததா என்று பார்ப்பதற்குப் போதும். துணியை ஓட்டையடியில் கொண்டுவந்து, ஒரு விரல் அகலம் தைத்து, நகர்த்தி, மறுபடி ஒரு விரல். மற்ற நேரமெல்லாம் டியூப்லைட்தான். டாக்டர் சொன்ன காலத்தை இது எத்தனை நாள் தள்ளிப்போடும் என்று அவரிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.

ஒருநாள் சாயங்காலம் அவள் அப்படி விரல் விரலாகத் தைத்துக்கொண்டிருந்தபோது, வேலை முடிந்து வந்த லிஃப்ட்காரர் வாசலில் செருப்பை உதறினார்.

"ஏம்மா, காத்தும் மழையுமா வருது. ஜன்னலைச் சாத்து!"

டேப்பக்கா ஒரு வினாடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவர் எதைச் சொல்கிறார் என்று புரிந்தது. பக்கத்தில் கிடந்த வெட்டுத் துணியை எடுத்து விரலால் சுருட்டி, ஓட்டையில் வைத்துத் திருகி அழுத்தினாள். அறை பழையபடி ஆயிற்று.

"சாத்திட்டேங்க" என்றாள்.